டாம் கெட்டில்: மறக்கப்பட்ட ஓர் ஐரிஷ் தேசபக்தர்

அயர்லாந்து என்றதும் நம்மவர்களுக்குச் சில பெயர்கள் உடனே நினைவுக்கு வரும். பிரிட்டிஷ் பார்லிமெண்டையே ஆட்டி வைத்த பார்னல் ஒருவர். 1920-ம் வருஷம் எழுபத்து நான்கு நாள் உண்ணாவிரதமிருந்து சிறையிலேயே உயிர் நீத்த டெரன்ஸ் மக்ஸ்வினி மற்றொருவர். மரண தண்டனையிலிருந்து தப்பித் தமது நாட்டின் தலைமைப் பதவியை அடைந்த டி வலேரா இன்னொருவர். நம் வீடுகளில் பாட்டன்மார் காலத்திலிருந்தே இந்தப் பெயர்கள் பழக்கமானவை. அவர்கள் விட்ட இடத்திலிருந்து நாம் தொடங்க வேண்டும் என்று நம் தலைவர்கள் மேடைதோறும் முழங்கியதுண்டு.

ஆனால் டாம் கெட்டில் என்ற பெயரைக் கேட்டவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. அயர்லாந்திலேயே வெகு காலம் அந்தப் பெயரை உரக்கச் சொல்லத் தயங்கினார்கள். இங்கிலீஷில் 'கெட்டில்' என்றால் வெந்நீர்க் கெண்டி என்று நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெயரைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றலாம். அந்த மனிதரின் வரலாற்றைப் படித்து முடித்தபின் சிரிப்பு வராது. இவர் பொருளாதாரப் பேராசிரியர், பார்லிமெண்டு அங்கத்தினர், கவி, பேச்சில் நிகரற்றவர். அயர்லாந்தின் விடுதலைக்காகவே வாழ்ந்தவர். கடைசியில் எந்த சாம்ராஜ்யத்தை எதிர்த்து வாதாடினாரோ, அதே சாம்ராஜ்யத்தின் படை உடுப்பை அணிந்து பிரான்ஸ் தேசத்து மண்ணில் மாண்டவர். அவர் தேசபக்தரா, வழி தவறியவரா என்ற கேள்விக்கு அவருடைய நாட்டவரே நெடுநாள் விடை சொல்ல முடியாமல் திணறினார்கள். அந்தக் கேள்வி நமக்கும் புறம்பானதல்ல என்பதால்தான் இதை எழுதத் துணிந்தோம்.

குடியானவரின் பிள்ளை

தாமஸ் கெட்டில் 1880-ம் வருஷம் பிப்ரவரி 9-ம் தேதி டப்ளின் நகருக்கு வடக்கே ஆர்டேன் என்ற இடத்தில் பிறந்தார். தகப்பனார் ஆண்ட்ரூ கெட்டில் வசதியுள்ள விவசாயி. ஆனால் ஏழைக் குத்தகைக்காரர்களின் பக்கம் நின்றவர். 1879-ம் வருஷம் அக்டோபரில் டப்ளின் நகரின் இம்பீரியல் ஹோட்டலில் கூடிய ஒரு கூட்டத்தில் அயர்லாந்தின் 'நிலச் சங்கம்' பிறந்தது. ஐரிஷ் நிலப் பிரபுக்களின் ஆதிக்கத்தை உலுக்கிய அந்தச் சங்கத்தின் முதற் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் இந்த ஆண்ட்ரூ கெட்டில்தான். 1881-ல் குடியானவர்கள் குத்தகைப் பணமே கட்ட வேண்டாம் என்று தலைவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டபோது அதில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. சிறைவாசமும் அனுபவித்தார். பிற்பாடு பார்னலை நாடே கைவிட்டபோதும் அவரைக் கைவிடாதவர். அதற்காகவே 1891-ல் கார்லோ தொகுதியில் நின்று தோற்றார்.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அரசியல் தாய்ப்பாலோடு வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்தவ சகோதரர் பள்ளியிலும், பிறகு கிளாங்கோஸ் உட் என்ற ஜெஸூயிட் பாதிரிமார் கல்லூரியிலும் படித்துவிட்டு, டப்ளின் யூனிவர்ஸிடி காலேஜில் சேர்ந்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ் அவருடன் அதே காலத்தில் அங்கே படித்தவர். மாணவர்களின் இலக்கிய சரித்திர சங்கத்துக்குக் கெட்டில் தலைவரானார். தென்னாப்பிரிக்காவில் இங்கிலீஷ்காரர்கள் போயர்களுடன் போர் புரிந்துகொண்டிருந்த சமயம், போயர்களுக்கு ஆதரவான துண்டுப் பிரசுரங்களைத் தெருவில் நின்று விநியோகித்தார். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இளமையிலேயே அவருக்கு ஒரு துன்பம் இருந்தது. அளவு கடந்து சிந்திக்கும் மனம். அதற்கு ஈடு கொடுக்காத உடல். நரம்புத் தளர்ச்சி கண்டு, ஓய்வுக்காக ஐரோப்பாக் கண்டத்தில் சில காலம் தங்க நேர்ந்தது. ஓய்வுக்குப் போனவர் ஜெர்மன் மொழியையும் ஜெர்மானியத் தத்துவ நூல்களையும் கற்றுக்கொண்டு திரும்பினார். அன்று முதல் ஐரோப்பாவின் மீது அவருக்குத் தீராத காதல். அயர்லாந்து உண்மையான அயர்லாந்தாக வேண்டுமானால் அது முதலில் ஐரோப்பாவோடு சேர்ந்து வாழக் கற்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இங்கிலாந்து என்ற ஒரே ஜன்னல் வழியாக உலகத்தைப் பார்ப்பதை அவர் வெறுத்தார்.

பதினெட்டு வோட்டு

1905-ல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். ஆனால் கோர்ட்டைவிடப் பத்திரிகையும் மேடையுமே அவரை அதிகம் இழுத்தன. தேசியக் கட்சியின் இளைஞர் கிளைக்கு அவரே முதல் தலைவர். 'நேஷனிஸ்ட்' என்ற வாரப் பத்திரிகையை ஆசிரியராக இருந்து சிறிது காலம் நடத்தினார்.

1906-ம் வருஷம் அல்ஸ்டர் மாகாணத்தில் கிழக்கு டைரோன் தொகுதியில் ஓர் உபதேர்தல் வந்தது. கத்தோலிக்கரும் புராடெஸ்டண்டுகளும் ஏறக்குறையச் சரி பாதியாக வாழ்ந்த தொகுதி அது. ஒரு வீட்டார் வோட்டுப் போட வராவிட்டாலும் முடிவு மாறிப்போகும். இருபத்தாறு வயது இளைஞர் கெட்டில் பதினெட்டே வோட்டு வித்தியாசத்தில் ஜயித்தார். 1892-ல் நம் தாதாபாய் நெளரோஜி லண்டனில் ஒற்றை இலக்க வோட்டு வித்தியாசத்தில் அதே பார்லிமெண்டுக்குள் நுழைந்ததை நேயர்கள் அறிவார்கள். பெரிய குரல்கள் சில சமயம் சிறிய வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன.

வெஸ்ட்மின்ஸ்டரில் கெட்டிலின் ஹாஸ்யமும் கூர்மையும் விரைவில் பெயர் பெற்றன. கட்சிக்கு நிதி திரட்ட அமெரிக்கா சென்று வந்தார். அயர்லாந்தின் கத்தோலிக்க இளைஞர்களுக்கு ஏற்ற ஸர்வகலாசாலை வேண்டும் என்று சபையில் வாதாடினார். 1908-ல் அதற்கான சட்டம் நிறைவேறியது. அப்படி அமைந்த புதிய ஸர்வகலாசாலையின் டப்ளின் கல்லூரியில், 1909-ல், 'தேசியப் பொருளாதாரம்' என்ற துறைக்கு முதல் பேராசிரியராக அவரே அமர்ந்தார். அதே வருஷம் செப்டம்பரில் மேரி ஷீஹி என்ற பட்டதாரிப் பெண்ணை மணந்தார். மேரி பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். கணவரும் அந்தக் கட்சியே. 1910 ஜனவரித் தேர்தலில் முன்னிலும் அதிக வோட்டுப் பெற்று வென்றபோதிலும், அவ்வருஷக் கடைசியில் வந்த தேர்தலில் நிற்காமல் விலகிக்கொண்டார். பாடம் சொல்லும் வேலையும் பார்லிமெண்டு வேலையும் ஒருவனிடம் ஒருங்கே நிலைக்கா என்று கண்டார் போலும். வாத்தியார் தொழிலில் இருக்கும் நமக்கு அவர் செய்த தேர்வு பிடித்தேயிருக்கிறது.

கணக்குப் பார்த்த பேராசிரியர்

அது என்ன 'தேசியப் பொருளாதாரம்'? பொருளாதார சாஸ்திரத்துக்கும் தேசத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் இரண்டும் நான்கு என்பது எல்லா நாட்டிலும் ஒன்றுதானே என்று கேட்கலாம்.

இங்கிலீஷ் பொருளாதார நிபுணர்கள் அப்படித்தான் சொன்னார்கள். தடையற்ற வியாபாரமே எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் நல்லது என்பது அவர்களுடைய சித்தாந்தம். அதை மறுத்தவர் பிரெடரிக் லிஸ்ட் என்ற ஜெர்மானியர். அவர் 1841-ல் வெளியிட்ட நூலில், தொழிலில் முந்திக்கொண்ட நாட்டுக்கு ஏற்ற சட்டம், பின்தங்கிய நாட்டுக்கு நஞ்சாகலாம் என்று காட்டினார். ஒவ்வொரு தேசமும் தன் வளர்ச்சியின் எந்தப் படியில் நிற்கிறதோ அதற்கேற்ற கொள்கையைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டும் என்றார். நம் நாட்டில் மகாதேவ கோவிந்த ரானடே 1892-ல் பூனாவில் செய்த பிரசித்தமான பிரசங்கத்தில் இதே லிஸ்டின் வழியைப் பின்பற்றினார். அயர்லாந்தில் அந்தக் கொடியைப் பிடித்தவர்களுள் கெட்டில் முக்கியமானவர். தேசம் என்பது வெறும் உணர்ச்சியல்ல. அது ஒரு பொருளாதார உண்மை என்பதே அவர் மாணவர்களுக்குப் போதித்த பாடத்தின் சாரம்.

அவருடைய நாட்டின் நிலைமையோ பேச்சுக்கு இடமின்றிக் கண்ணுக்குத் தெரிந்தது. 1841-ல் அயர்லாந்தின் ஜனத்தொகை 82 லட்சம். உருளைக்கிழங்குப் பஞ்சத்தினாலும் அதன்பின் ஓயாத குடியேற்றத்தினாலும் 1911-ல் அது 44 லட்சமாகக் குறைந்துவிட்டது. எழுபது வருஷத்தில் ஐரோப்பா முழுவதும் ஜனங்கள் பெருகிக்கொண்டிருக்க, ஒரு நாடு மட்டும் ஏறக்குறையப் பாதியாகத் தேய்ந்தது!

வரிக் கணக்கு இன்னும் விசித்திரம். பிரிட்டிஷ் சர்க்காரே நியமித்த ஒரு கமிஷன் 1896-ல் அறிக்கை கொடுத்தது. பிரிட்டன் செலுத்தும் வரியில் சுமார் பதினொன்றில் ஒரு பங்கை அயர்லாந்து செலுத்துகிறது. ஆனால் அதன் சக்தியோ இருபதில் ஒரு பங்குக்கு மேற்படாது என்று அந்தக் கமிஷனே ஒப்புக்கொண்டது. அதாவது வருஷத்துக்கு 27½ லட்சம் பவுன் அதிகப்படியாக வசூலாகிக்கொண்டிருந்தது. நெளரோஜி நம் நாட்டின் செல்வம் கடல் கடந்து வடிவதைக் கணக்கிட்டுக் காட்டிய அதே காலத்தில், அயர்லாந்தின் கணக்கும் இப்படி வெளியாயிற்று.

பிறகு ஒரு திருப்பம் ஏற்பட்டது. 1909 ஜனவரி முதல் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் உபகாரச் சம்பளம் கொடுக்கத் தொடங்கினார்கள். அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் பதிவு செய்யும் வழக்கமே 1864-ல்தான் வந்தது. கிழவர் கிழவிகளின் வயதை எப்படி நிச்சயிப்பது? 1839-ம் வருஷம் ஜனவரியில் அடித்த பெரும் புயல் இரவு ஞாபகமிருக்கிறதா என்று கேட்டார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சத்தை வைத்து வயது சொன்னதைப் போன்றதுதான். அயர்லாந்தில் அந்தப் புயலை நினைவில் வைத்திருந்தவர்கள் ஏராளமாகக் கிளம்பினார்கள்!

இளையவர்கள் கப்பலேறிப் போய்விட்ட நாட்டில் முதியவர்களே மிகுதி. ஆகவே சில வருஷங்களில் அயர்லாந்திலிருந்து வரும் வரியைவிட அங்கே செய்யும் செலவு மிகுந்துவிட்டது. உடனே எதிரிகள், "பார்த்தீர்களா? உங்கள் சொந்தக் காலில் நிற்க உங்களால் முடியாது. சுயாட்சி கேட்கிறீர்களே, யார் பணத்தில் நடத்துவீர்கள்?" என்று எள்ளினார்கள்.

மேடையில் இதற்குப் பதில் முழங்குவது எளிது. கெட்டில் முழங்கவில்லை, உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். 1911-ல் சுயாட்சியின் நிதி ஏற்பாட்டைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஒரு ஏழை நாட்டைப் பணக்கார நாட்டின் அளவுகோலால் ஆண்டுவிட்டு, செலவு மிகுந்துவிட்டதென்று அந்த ஏழையையே குற்றம் சொல்வது என்ன நியாயம்? வரி விதிக்கும் உரிமையும் செலவைச் சுருக்கும் பொறுப்பும் ஒரே கையில் இருந்தாலல்லவா கணக்கு நேராகும்? தேசிய வாதிகள் தரப்பில் எழுந்த கேள்விகள் இவை. உணர்ச்சியால் மட்டும் விடுதலை நிலைக்காது. வரவு செலவுத் திட்டம் தயாராக இருக்க வேண்டும் என்பதைத் தம் கட்சியாருக்கு விடாமல் நினைவுபடுத்தியவர் கெட்டில். விடுதலை பெற்ற நாடுகள் பலவும் பிற்பாடு பட்டு அறிந்த பாடம் இது.

ஒற்றை அறைக் குடும்பங்கள்

கணக்குப் பார்ப்பவர்கள் மனிதர்களை மறந்துவிடுவது உண்டு. கெட்டிலிடம் அந்தக் குறை இல்லை. 1913-ம் வருஷம் டப்ளினில் பெரும் தொழிலாளர் போராட்டம் மூண்டது. ஜேம்ஸ் லார்கின் தலைமையிலிருந்த தொழிற்சங்கத்தை ஒழிக்க முதலாளிகள் ஒன்று கூடிக் கதவடைத்தார்கள். சுமார் 20,000 தொழிலாளர் மாதக்கணக்கில் வேலையின்றித் தவித்தனர். அந்நாளைய டப்ளினில் ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒரே அறையில் வாழ்ந்தன என்று அடுத்த வருஷம் வெளியான விசாரணை அறிக்கை கூறுகிறது. சமைப்பதும், உறங்குவதும், பிள்ளை பெறுவதும், நோயாளி கிடப்பதும் எல்லாம் அந்த ஒரே அறையில்.

கெட்டிலின் சொந்தக் கட்சியில் செல்வாக்குள்ளவர்கள் பலர் முதலாளிகளின் பக்கம். அவருடைய குடும்பப் பண்ணையிலேயே கூலியாட்களோடு தகராறு நடந்துகொண்டிருந்தது. 1913 நவம்பரில் ஐரிஷ் தொண்டர் படையைத் தொடங்கிய கூட்டத்தில் அவருடைய சகோதரர் லாரன்ஸ் அறிக்கையை வாசிக்க எழுந்தபோது, தொழிலாளர்கள் கூச்சலிட்டு அவர் குரலே கேட்காதபடி செய்தனர். இவ்வளவுக்கும் நடுவே டாம் கெட்டில், இரு தரப்பாரையும் சமாதானம் செய்ய ஏற்பட்ட ஒரு குழுவுக்குத் தலைமை வகித்தார். தொழிலாளர் பக்கத்து நியாயத்தை மறைக்காமல் எடுத்துச் சொன்னார். சமாதானம் கைகூடவில்லை. பசி வென்றது, தொழிலாளர் தோற்றனர்.

அவருடைய குறையையும் மறைக்கலாகாது. மதுப் பழக்கம் அவரை அடிக்கடி வீழ்த்தியது. அதிலிருந்து மீள அவர் பட்ட பாடும், மீண்டும் விழுந்த துயரமும் நண்பர்களுக்குத் தெரிந்தவை. பெரிய மனிதர்களின் வரலாற்றைக் குறையில்லாமல் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல என்று நாம் கருதுகிறோம்.

பெல்ஜியத்தில் கண்டது

1914-ம் வருஷக் கோடையில் அயர்லாந்து உள்நாட்டுப் போரின் விளிம்பில் நின்றது. சுயாட்சி மசோதாவை எதிர்த்து அல்ஸ்டர் புராடெஸ்டண்டுகள் ஆயுதமேந்தினர். அதைக் கண்டு தேசியத் தொண்டர்களும் ஆயுதம் தேடினர். துப்பாக்கி வாங்குவதற்காகப் பெல்ஜியத்துக்கு அனுப்பப்பட்டவர் நம் பொருளாதாரப் பேராசிரியர்!

அவர் அங்கே இருக்கும்போதே, ஆகஸ்டு 4-ம் தேதி ஜெர்மன் சேனை பெல்ஜியத்துக்குள் புகுந்தது. துப்பாக்கி வாங்கப் போனவர் லண்டன் 'டெய்லி நியூஸ்' பத்திரிகையின் யுத்த நிருபராக மாறினார். ஒரு பாவமும் அறியாத சிறிய நாடு மிதிபடுவதைக் கண்ணால் கண்டார். அந்த மாதக் கடைசியில் லூவேன் நகரம் எரிந்தது. அதன் புராதன ஸர்வகலாசாலைப் புத்தகசாலை, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களோடு சாம்பலாயிற்று. ஜெர்மன் கவிகளையும் தத்துவ ஞானிகளையும் நேசித்தவருக்கு இது எத்தகைய அடி என்பதை ஊகிக்கலாம். அயர்லாந்தைப் போன்ற ஒரு சிறிய நாட்டுக்கு இந்த அநீதி நடக்கும்போது அயர்லாந்துக்காரன் எப்படிக் கை கட்டி நிற்பது என்ற கேள்வி அவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

செப்டம்பர் 18-ம் தேதி அயர்லாந்தின் சுயாட்சிச் சட்டம் மன்னரின் சம்மதம் பெற்றது. ஆனால் யுத்தம் முடியும் வரை அமலுக்கு வராது என்று நிறுத்தி வைக்கப்பட்டது. கட்சித் தலைவர் ஜான் ரெட்மண்ட், ஐரிஷ் இளைஞர்கள் யுத்தத்தில் சேர வேண்டும் என்று அறைகூவினார். கெட்டில் ராணுவத்தில் லெப்டினண்ட் பதவி ஏற்று, ஊர் ஊராகச் சென்று படைக்கு ஆள் சேர்த்தார். ஒரு காலத்தில் போயர்களுக்காகத் துண்டுப் பிரசுரம் கொடுத்த அதே கைகள்! வடக்கு அயர்லாந்துக்காரனும் தெற்கு அயர்லாந்துக்காரனும் ஒரே பதுங்கு குழியில் ரத்தம் சிந்தினால், அந்த ரத்தமே நாட்டை ஒன்றாக்கும் என்று அவர் நம்பினார். மொத்தத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் ஐரிஷ்காரர்கள் அந்த யுத்தத்தில் பிரிட்டிஷ் படைகளில் பணி புரிந்தார்கள்.

ஈஸ்டர் வாரம்

1916 ஏப்ரல் 24. ஈஸ்டர் திங்கட்கிழமை. டப்ளினில் புரட்சி வெடித்தது. பெரிய தபாலாபீஸின் வாசலில் பாட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். ஆறு நாளில் எல்லாம் முடிந்தது. நகரின் மையம் பீரங்கியால் தரைமட்டமாயிற்று.

கெட்டில் புரட்சியை ஆதரிக்கவில்லை. சுதந்திர ஐரோப்பாவில் சுதந்திர அயர்லாந்து என்ற தம்முடைய கனவை அது பாழாக்கிவிட்டதென்று கோபமடைந்தார். ஆனால் அந்த வாரம் அவருக்குக் கோபத்தோடு வேறொன்றையும் கொடுத்தது. அவருடைய மனைவியின் சகோதரி ஹன்னாவின் கணவர் பிரான்ஸிஸ் ஷீஹி ஸ்கெபிங்டன், கெட்டிலின் கல்லூரிக் கால நண்பர்; கொல்லாமையை விரதமாகக் கொண்டவர். புரட்சியில் அவர் சேரவில்லை. கடைகளைச் சூறையாடாதீர்கள் என்று ஜனங்களைத் தடுக்கவே தெருவுக்கு வந்தார். அவரைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போய், விசாரணை எதுவுமின்றி, ஏப்ரல் 26 காலையில் படைவீட்டு முற்றத்தில் சுட்டுக் கொன்றார்கள். சுட உத்தரவிட்ட அதிகாரிக்குப் புத்தி சுவாதீனமில்லை என்று பின்னர் தீர்ப்பாயிற்று. சர்க்கார் கொடுக்க முன்வந்த நஷ்டஈட்டை விதவை ஹன்னா தொட மறுத்துவிட்டார்.

அடுத்து மே மாதத்தில் தலைவர்களை ஒவ்வொருவராகச் சுடத் தொடங்கினார்கள். மே 3-ம் தேதி சுடப்பட்டவர்களில் தாமஸ் மக்டோனா ஒருவர். அவர் கெட்டிலின் கல்லூரியிலேயே ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். அந்த நாட்களில் அக்கல்லூரியில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்களுள், அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த கஞ்சம் ஜில்லாவிலிருந்து போன ஓர் இளைஞரும் உண்டு. மக்டோனாவின் வகுப்பில் அமர்ந்த அந்த இளைஞர்தான் 1969-ல் பாரதத்தின் ஜனாதிபதியான வி. வி. கிரி.

சகோதரர் முறையானவரையும் சக ஆசிரியரையும் கொன்ற படையின் உடுப்பு கெட்டிலின் உடம்பிலிருந்தது. அவர் நிலையில் ஒரு கணம் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும். உடுப்பைக் கழற்றி எறிந்தால், தாம் பேச்சால் அனுப்பி வைத்த ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை முன்னணியில் கைவிட்டதாகும். கழற்றாவிட்டால், இறந்தவர்களின் ரத்தம் கேள்வி கேட்கும். புரட்சிக்காரர்கள் வீரர்களாகவும் தியாகிகளாகவும் சரித்திரத்தில் இடம் பெறுவார்கள், தம்மையோ ஒரு பிரிட்டிஷ் அதிகாரி என்று மட்டுமே நினைவுகூர்வார்கள் என்று அவரே கசப்போடு சொன்னதாக வரலாறு உண்டு. பிறர் பார்க்கும் முன்பே அவர் தம் விதியைப் பார்த்துவிட்டார். பார்த்தபின்னும், தம்மை முன்னணிக்கே அனுப்பும்படி வற்புறுத்தி, ஜூலை மாதம் பிரான்ஸுக்குக் கப்பலேறினார்.

ஜிஞ்சி

சோம் நதிப் போர் ஜூலை 1-ம் தேதியே தொடங்கியிருந்தது. கெட்டில் இருந்தது டப்ளின் பியூசிலியர் பட்டாளத்தின் ஒன்பதாவது பிரிவு. தேசியவாதிகள் நிறைந்த பதினாறாவது ஐரிஷ் டிவிஷனைச் சேர்ந்தது. உடல்நிலை சரியில்லை. முன்னணிக்குப் பின்னால் பாதுகாப்பான உத்தியோகம் ஒன்று அவருக்குக் கிடைக்கவிருந்தது. தம் ஆட்களை விட்டுப் போக மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

கடைசி நாட்களில் அவர் செய்த காரியங்கள் இரண்டு. தமது அரசியல் சாஸனம் போன்ற ஒரு கடிதம் எழுதினார். இரண்டு வருஷமாகச் சிந்திய ரத்தத்தின் பெயரால் அயர்லாந்துக்கு, கனடா போன்ற நாடுகளுக்கு உள்ளதைப்போல் முழுமையான சுயாட்சி கொடுங்கள், ராணுவச் சட்டத்தை நீக்குங்கள், சிறையிலுள்ள ஸின் பீனர்களை விடுவியுங்கள் என்று அதில் கேட்டுக்கொண்டார். தம்மை ஏளனம் செய்தவர்களுக்காகவே அவர் மன்றாடியதைக் கவனிக்க வேண்டும். உயிர் பிழைத்தால் மிச்ச வாழ்நாளை உலக சமாதானத்துக்கே செலவிடுவதாகவும் எழுதினார்.

மற்றொன்று, மூன்று வயதுச் செல்வ மகள் பெட்டிக்கு ஒரு கவிதை. செப்டம்பர் 4-ம் தேதியிட்ட பதினான்கு வரிகள். நீ வளர்ந்து பெரியவளாகி, அப்பா ஏன் உன்னை விட்டுவிட்டுச் சாகப் போனார் என்று ஒரு நாள் கேட்பாய் என்பதை உணர்ந்து, அதற்குப் பதிலாக எழுதி வைத்தது. கொடிக்காகவும் அல்ல, அரசனுக்காகவும் அல்ல என்பதே அந்தப் பதிலின் கருத்து. இங்கிலீஷ் தெரிந்த நேயர்கள் தேடிப் படிக்க வேண்டிய கவிதை அது.

செப்டம்பர் 9-ம் தேதி மாலை ஜிஞ்சி கிராமத்தின் மீது தாக்குதல் நடந்தது. கெட்டில் தம் ஆட்களை முன் நடத்திச் சென்றார். குண்டு பாய்ந்து விழுந்தார். அருகிலிருந்தவர் எம்மட் டால்டன் என்ற இளம் அதிகாரி; பிற்காலத்தில் ஐரிஷ் விடுதலைப் படையில் சேர்ந்து இங்கிலீஷ்காரர்களையே எதிர்த்துப் போரிட்டவர். அம்மாதத்தின் முதல் பத்து நாளில் அந்த டிவிஷனில் 4,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். கெட்டிலின் சமாதி எதுவென்று பின்னர் அடையாளம் தெரியவில்லை. தீப்வால் நினைவு மண்டபத்தில் பெயர் மட்டும் இருக்கிறது. அவருக்கு வயது முப்பத்தாறு. இரு வாரங்களுக்குள், செப்டம்பர் 22-ம் தேதி, கிழவர் ஆண்ட்ரூ கெட்டிலும் கண்ணை மூடினார்.

மறதியும் நினைவும்

யுத்தம் முடிந்ததும் 1918 டிசம்பரில் தேர்தல் வந்தது. அயர்லாந்தில் ஸின் பீன் கட்சி 73 ஸ்தானங்களைப் பிடித்தது. கெட்டிலின் பழைய கட்சிக்கு மிஞ்சியவை ஆறே. வடக்கும் தெற்கும் ஒன்றாகும் என்ற அவர் நம்பிக்கையும் வீணாயிற்று. 1920-ல் சட்டம் நாட்டைப் பிளந்தது. புதிய அயர்லாந்து ஈஸ்டர் வீரர்களைப் போற்றியது; பிரான்ஸில் இறந்த பிள்ளைகளை வீட்டுச் சுவரில் மாட்டிய படங்களில் மட்டும் வைத்துக்கொண்டது. கெட்டிலின் நண்பர்கள் செய்வித்த மார்பளவுச் சிலை, தகராறுகளில் சிக்கி வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தது. 1937-ல்தான் டப்ளின் ஸ்டீபன்ஸ் கிரீன் தோட்டத்தில் அதை நிறுத்தினார்கள். திறப்பு விழா இல்லை, பிரசங்கம் இல்லை. மனைவி மேரி தளரவில்லை. டப்ளின் நகராட்சி அங்கத்தினராகிப் பொதுப்பணி புரிந்து, 1967 வரை வாழ்ந்தார்.

கெட்டில் செய்தது சரியா? நம் நாட்டிலும் 1918-ல் காந்தியடிகள் கேடா ஜில்லாவில் கிராமம் கிராமமாக நடந்து அதே யுத்தத்துக்கு ஆள் சேர்த்தார். யுத்தத்தில் உதவினால் சுயராஜ்யம் வரும் என்று எண்ணியவர்கள் பலர். வந்தது 1919-ல் ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக்கும். காந்தியடிகளுக்குத் தம் கணக்கைத் திருத்தி எழுத இன்னும் முப்பது வருஷம் ஆயுள் இருந்தது. கெட்டிலுக்கு இல்லை. சாம்ராஜ்யத்தின் வாக்கை நம்பியது அவருடைய பிழை. அந்தப் பிழைக்கான விலையைப் பிறர் தலையில் கட்டாமல் தாமே கொடுத்தார். பிறரைப் போருக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தங்கிவிட்டவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அந்த வரிசையில் அவரைச் சேர்க்க முடியாது.

சரித்திர வகுப்பில் பிள்ளைகள் எப்போதும் கேட்பது, "இவர் நல்லவரா, கெட்டவரா?" என்பதுதான். ஒரு நாட்டின் விடுதலைக்கு ஒரே பாதைதான் என்று எண்ணும் வரையில் அந்தக் கேள்விக்கு விடை எளிது. தபாலாபீஸ் வாசலில் விழுந்தவரும், ஜிஞ்சி வயலில் விழுந்தவரும், படைவீட்டு முற்றத்தில் ஆயுதமின்றி விழுந்தவரும் ஒரே நாட்டை நேசித்தவர்களே. அயர்லாந்து இதை ஒப்புக்கொள்ளப் பல தலைமுறை ஆயிற்று. இன்று அங்கே மூவரையும் சேர்த்து நினைக்கிறார்கள். டப்ளின் செல்லும் நேயர்கள் ஸ்டீபன்ஸ் கிரீன் தோட்டத்தில் அந்தச் சிலையைக் காணலாம். மகளுக்கு எழுதிய கவிதையின் கடைசி வரிகள் அதன் அடியில் செதுக்கப்பட்டிருக்கின்றன. பேராசிரியர் தம் கணக்கில் கடைசியாக எழுதி வைத்த வரிகள் அவை.